கட்டாமல் விட்ட கயிறு

இன்று காலை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உன் மகளைப் பார்த்துவிட்டு பலாலி வீதி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். சந்தையடியில் ஏறிய ஒருவர் புதிய நைலோன் கயிற்றுச் சுருள் ஒன்றை என் காலடியில் போட்டுவிட்டு, "ஐயா, காலை ஒருக்கா எடுங்கோ" என்றார். கடையில் வாங்கி இன்னும் பிரிக்காத சுருள். அந்தப் புதுக் கயிற்றின் மணம் உனக்குத் தெரியும், மண்ணெண்ணெயும் பிளாஸ்ரிக்கும் கலந்த மாதிரி இருக்கும். எடுத்த காலை நான் பிறகு கீழே வைக்கவேயில்லை. அறுபத்திரண்டு வயது மனிதன், ஓய்வுபெற்ற தபால் அதிபர், இரண்டு காலையும் ஆசனத்தின் மேல் மடக்கிக்கொண்டு பட்டணம் வரும்வரை இருந்தேன். "வயித்துக் குத்தோ ஐயா?" என்று அந்த மனிதர் அக்கறையாகக் கேட்டார். ஓம் என்றேன். பொய் எனக்கு இன்னமும் அவ்வளவு சுலபமாக வருகிறது.

உன் மகள் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் எழுதினால் மற்றதற்குக் கை ஓடாது.

நீ ஜேர்மனியிலிருந்து திரும்பி வந்தபோது நம் ஊர் கொழும்புத்துறை உன்னிடம் வேறு என்னென்னவோ எதிர்பார்த்தது. மாடிவீடு கட்டுவாய், கோயில் திருவிழாவை எடுத்துச் செய்வாய் என்று கதைத்தார்கள். நீயோ ஒரு பழைய சைக்கிளில் நேரே பட்டம் ஏற்றும் கடற்கரை வெளிக்கு வந்து, நாங்கள் கட்டிக்கொண்டிருந்த எட்டுமூலைப் பட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். இருபது அடி உயரம், எட்டுப் பேர் கயிறு பிடிக்க வேண்டிய பட்டம். "உதை ஏத்தேக்கை ஆருக்கும் காயம் வாறேல்லையோ?" என்றுதான் முதலில் கேட்டாய். முப்பது வருடத்துக்குப் பிறகு சந்திக்கிற பள்ளிக்கூடச் சிநேகிதனிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பட்டக் கழகத்தின் செயலாளர் நான். சனசமூக நிலையத்தின் செயலாளரும் நான்தான். கூட்டறிக்கை எழுதுவதில் இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்கிற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் நீ கடைசிவரை என்னைப் பெயர் சொல்லாமல் "செயலாளர்" என்றே பகிடியாகக் கூப்பிட்டாய்.

நீ அங்கே கடைசல் பட்டறையில் வேலை செய்ததும், சனிக்கிழமைகளில் இயந்திரமில்லாத கிளைடர் விமானம் ஓட்டியதும் அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. புல்வெளியின் மறுமுனையில் ஒரு பொறி நின்று நீளக் கம்பிவடத்தைச் சுற்றி இழுக்குமாம். இழுத்த வேகத்தில் விமானம் எழும்புமாம். உயரம் போனதும் வடத்தைக் கழற்றி விடுவீர்களாம். "எங்கடை பட்டம்தான் மச்சான். உள்ளுக்கை ஆள் இருக்கிறதுதான் வித்தியாசம்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்காமல் உன் கதையைச் சொன்னாய். ஒரு சனிக்கிழமை, இறக்கையில் வேகத்தைக் குறைக்கிற பலகைகளைப் பூட்ட மறந்து எழும்பிவிட்டாய். விமானம் மேலே போக மாட்டேன் என்கிறது. மரங்களை உரசுகிற மாதிரித் திரும்பி ஒருவாறு இறங்கினாய். ஒரு கீறல் இல்லை, எவரும் காணவுமில்லை. ஆனாலும் அன்று பின்னேரமே ஒரு தாளில் அதை எழுதி, கோப்பி ஊற்றுகிற இடத்து அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டாயாம்.

"ஏன் எழுதினனீ? ஒருத்தரும் காணேல்லையே?" என்று நான் கேட்டேன்.

"அடுத்த கிழமை இன்னும் ரெண்டு பேர் தாங்களும் உப்பிடி மறந்தவை எண்டு எழுதிச்சினம். பிறகு எழும்ப முதல் பக்கத்திலை நிக்கிற ஆள் ஒருக்கா இறக்கைப் பலகையைத் தட்டிப் பாக்கிறது எண்டு வழக்கம் வைச்சம். நான் வெக்கப்பட்டு ஒளிச்சிருந்தா, ரெண்டு பேரிலை ஒருத்தன் செத்திருப்பான்."

அது எனக்கு அன்றைக்கு வெள்ளைக்காரன் ஊர்ப் புதினமாகத்தான் பட்டது. எங்கள் வழக்கம் வேறு. பட்டக்கயிறு கையைக் கிழித்தாலும், இழுத்து விழுத்தினாலும், ஆஸ்பத்திரியில் அதைச் சொல்வதில்லை. சைக்கிளால் விழுந்தது, வலை இழுத்தது, பனையில் சறுக்கியது என்று ஏதாவது சொல்லுவோம். பட்டம் என்று பதிந்தால் பொலிஸ் வரும், போட்டியை நிற்பாட்டிவிடுவார்கள் என்கிற பயம். அப்பன் சொன்ன பொய்யையே மகனும் சொல்லுகிற அளவுக்கு அது ஊரில் ஊறிவிட்டது. நீ ஒரு நாள் சனசமூக நிலைய மர வாங்கில் உட்கார்ந்தபடி தலையை ஆட்டிக்கொண்டு சொன்னாய்: "ஆஸ்பத்திரிக் கொப்பியைப் பாத்தா, எங்கடை ஊரிலை பட்டத்தாலை ஒருத்தனுக்கும் ஒண்டும் நடக்கேல்லை. ஆனா உலகத்திலை சைக்கிள் ஓடத் தெரியாத ஊர் இதுதான்."

நீயே கடைக்குப் போய் மட்டை கட்டிய தடித்த கொப்பி ஒன்று வாங்கிவந்து, சனசமூக நிலைய மேசையில் பேனையோடு கட்டிவைத்தாய். முன்பக்கத்தில் "தப்பியவை" என்று எழுதினாய். பெயர் போடத் தேவையில்லை. என்ன நடந்தது என்று மட்டும் எழுதினால் போதும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாசிப்போம். ஒரு மாதம் அது வெறுங்கொப்பியாகக் கிடந்தது. முதலில் எழுதியவன் ஒரு குறும்பன்: கழகத் தலைவரின் சாரம் காற்றுக்குப் போனதையும், நல்ல காலம் உள்ளே காற்சட்டை இருந்ததையும் விபரமாக எழுதியிருந்தான். நீ அதையும் முகம் மாறாமல் வாசித்து, "நல்லது, இனிச் சாரம் உடுத்துக்கொண்டு கயிறு பிடிக்கிறேல்லை" என்று தீர்மானம் எடுக்க வைத்தாய். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. கையில் கயிற்றைச் சுற்றிப் பிடித்தவன் எழுதினான். பட்டம் எழும்பும்போது குழந்தை குறுக்கே ஓடியதை ஒரு தாய் வந்து எழுதினாள். உள்ளுக்குள் எனக்குப் பொறாமை என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருடமாக நான் எழுதிய கூட்டறிக்கைகளை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. உன் கொப்பியை வரிசையில் நின்று வாசித்தார்கள்.

பொங்கலுக்குச் சரியாக ஏழு நாளுக்கு முதல் வெள்ளோட்டம் பார்த்தோமே, அந்த நாளுக்கு வருகிறேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். கயிற்றின் கடைசி நுனியைக் கரையில் நிற்கிற தென்னங்குற்றியில் கட்டுவது. பெரிய காற்று வந்தால் முன்னால் நிற்கிறவன் "விடு" என்று கத்துவான். எட்டுப் பேரும் கையை விட்டுவிடுவார்கள். குற்றி பட்டத்தைத் தாங்கும். அந்த ஒரு முடிச்சை நம்பித்தான் எட்டுப் பேரும் கையை விடுகிறார்கள். அன்று கனடாவிலிருந்து வந்த ஒருவர் கையில் போனோடு, பட்டத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லி என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி, முச்சைக் கயிறு கட்டுவதிலிருந்து வால் நீளம் வரை விளக்கிக்கொண்டிருந்தேன். கயிற்று நுனி என் காலடியில் மணலில் கிடந்தது. பட்டம் ஏற்கனவே எழும்பிவிட்டது. கட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். நினைக்கவேயில்லை. என் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வாடைக்காற்று ஒரே தள்ளாகத் தள்ளியது. "விடு" என்று சத்தம். ஏழு பேர் விட்டார்கள். குருநகரில் பிறந்து எங்கள் ஊரில் கலியாணம் செய்த யேசுதாசன் மட்டும் கயிற்று நுனி துள்ளிக்கொண்டு தன்னைக் கடந்து போவதைக் கண்டு, விடாமல் பிடித்தான். முழங்கால் தண்ணீர்வரை அவனை இழுத்துக்கொண்டு போனது. அங்கே கைவிட்டான். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. பட்டம் கடலுக்குள் விழுந்து ஊறிப்போனது.

எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். நான் குற்றியிடம் ஓடினேன். ஓடிப்போய், அதில் ஒரு கை வைத்துக்கொண்டு, "முடிச்சு நழுவிப்போட்டுது! புதுக் கயிறு, வழுக்குது!" என்று கத்தினேன். எவரும் கேட்க முதலே கத்தினேன். யேசுதாசன் ஆஸ்பத்திரியில் வலை இழுத்த காயம் என்று சொன்னான். அன்று பின்னேரம் உன் கொப்பியை நானே இழுத்தெடுத்து எழுதினேன், அழகான கையெழுத்தில்: "புதுக் கயிற்றின் வழுக்குந் தன்மை காரணமாகக் குற்றியில் இடப்பட்ட முடிச்சு நழுவி, கயிறு விடுபட்டது." தபால் கந்தோரில் முப்பது வருடம் எழுதிய பாணி அது. அந்த வசனத்தில் மனிதனே இல்லை. எழுதி முடித்ததும் எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் வந்தது, வெட்கக்கேடு.

ஞாயிற்றுக்கிழமை நீ அதை வாசித்தாய். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கூட்டம் முழுவதையும் பார்த்து, "இதிலை ஆரும் ஏதும் சேர்க்க இருக்கோ?" என்று கேட்டாய். என் முகத்தை நீ பார்த்தாயா என்று எனக்கு ஞாபகமில்லை; நான் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியானால் இரட்டை முடிச்சுப் போடுவோம், குற்றியடியில் ஒருவர் நின்று பார்ப்போம் என்று தீர்மானமாயிற்று. "நான் நிக்கிறன்" என்றாய். தீர்மானத்தை எழுதியது நான்.

பொங்கலுக்கு அடுத்த நாள் போட்டி. நான் இரட்டை முடிச்சுப் போட்டேன், இழுத்துப் பார்த்தேன், மறுபடியும் இழுத்தேன். நீ பக்கத்தில் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாய். "சரியோ?" என்றேன். "சரி செயலாளர்" என்றாய். மிச்சக் கயிறு மணலில் வளையம் வளையமாகக் கிடந்தது. காற்று எழும்பியது. "விடு" என்றார்கள். எட்டுப் பேரும் விட்டார்கள். கிடந்த வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்தன. அதில் ஒன்றுக்குள் உன் வலது கால் இருந்தது. உன்னை இழுத்து விழுத்தியது. உன் தலை குற்றியில் அடிபட்ட சத்தத்தை நான் கேட்டேன். என் முடிச்சு அசையவில்லை. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தேன்.

ஓட்டோவில் உன் தலை என் மடியில் இருந்தது. தலைவர் போனில் சொன்னார்: "சைக்கிள் எண்டு சொல்லும். இல்லாட்டி இந்த வருசத்தோடை எல்லாம் முடிஞ்சுது." நீ அதைக் கேட்டாயா? கண் மூடியிருந்தாய், ஆனால் மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி மேசையில், "சைக்கிளாலை விழுந்தவர்" என்றேன். இளம் பெண் வைத்தியர் உன் கணுக்காலைப் பார்த்துவிட்டு, "இது என்ன, கயிறு இறுக்கினமாதிரி?" என்று கேட்டார். "சங்கிலிக்கை மாட்டினது" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாயில் தயாராக இருந்தது.

மூன்றாம் நாள் உனக்கு நினைவு வந்து, ஜேர்மனியிலிருந்து மகள் போனில் உன்னோடு கதைத்தாள். அன்று உன்னைப் பார்க்க எனக்கு அனுமதி இருந்தது. நான் வாசலில் நின்று, உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லாததைக் கண்டு, திரும்பி வந்துவிட்டேன். ஆட்கள் இருந்திருந்தால் உள்ளே வந்திருப்பேன். தனியாக உன் முகத்தைப் பார்க்கத்தான் பயம். ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய்.

திடீர் மரண விசாரணையில் வாக்குமூலம் கொடுத்தது நான். சைக்கிள் என்றே எழுதிக் கையொப்பமிட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உன்னைப் பற்றிய நினைவு மலரும் நான்தான் எழுதினேன். வேறு யார் எழுதுவது? "துவிச்சக்கரவண்டி விபத்தொன்றில்" என்று அச்சில் ஏறி, சாப்பாட்டுக்கு வந்த எல்லோர் கையிலும் போனது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்று எங்களைக் கெஞ்சிய மனிதன் நீ. உன் சாவைக்கூட நான் நடந்தபடி எழுதவில்லை. உன் கொப்பியில் அந்தப் போட்டி நாளுக்குரிய பக்கம் வெறுமையாகவே இருந்தது.

கிட்டத்தட்ட ஒரு வருடம் இப்படியே போனது. இந்த மார்கழியில் கழகம் திரும்பக் கூடியது. புதிய பட்டம், புதிய கயிறு, குற்றியடியில் இம்முறை யார் நிற்பது என்று பேச்சு. யேசுதாசன் கையைத் தூக்கினான். "நான் நிக்கிறன்" என்றான், நீ சொன்ன அதே மாதிரி. தூக்கிய உள்ளங்கை பளபளப்பாக, ரேகை இல்லாமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எழும்பினேன். "முடிச்சு நழுவேல்லை. நான் கட்டவே இல்லை" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிளையும் சொன்னேன்.

தலைவர் வெளியே எழும்பிப் போனார். யேசுதாசன் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நாங்கள் சேர்ச்சிலை பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள்ளை இருந்து, திரைக்கு அங்காலை இருக்கிற ஃபாதருக்குத்தான் சொல்லுறனாங்கள்" என்றான் கடைசியில். "நீங்கள் என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டியள். ஆனா நான் இதுக்கு என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை, ஐயா."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. தெருவில் கண்டால் தலையை ஆட்டுகிறான், அவ்வளவுதான். மறுநாளே விசாரணை அதிகாரியிடம் போய், முந்தைய வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். பொலிஸில் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள், இன்னும் கூப்பிடுவார்கள். இந்த வருடம் பட்டம் ஏறவில்லை. ஊரில் பாதிப்பேர் என்னோடு கதைப்பதில்லை, போட்டி நின்றது என்னால் என்று.

அதற்குப் பிறகு ஒருவித நிம்மதி வந்தது, மறைக்க மாட்டேன். சொல்ல வேண்டியவர்களில் உன் மகள் மட்டும் மிச்சம். உன் ஆண்டுத் திவசத்துக்கு வந்து திருநெல்வேலியில் தங்கியிருக்கிறாள். அவளுக்கும் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்ற நினைப்போடுதான் இன்று காலை போனேன். பார், அங்கேயும் என் பாரத்தைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன்.

பிளேன்ரீ போட்டுத் தந்தாள். முகத்தில் உன் நாடி, உன் நிதானம். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா என்ரை பொய்யை நம்பினபடியாலைதான் பிள்ளை, அந்தக் குற்றியடியிலை போய் நிண்டவர். முடிச்சு நழுவும் எண்டு நம்பி" என்றேன். அழுதுவிட்டேன்.

அவள் கோப்பையை நகர்த்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அங்கிள், அப்பா அதை நம்பேல்லை. நீங்கள் ஆரோ படம் எடுக்க நிண்டு கதைச்சுக்கொண்டு இருந்ததையும், கயிறு கீழை கிடந்ததையும் அவர் தூரத்திலை வரேக்கை கண்டவராம். கத்தினவராம், காத்துக்குக் கேக்கேல்லையாம். ஆஸ்பத்திரியிலை இருந்து போனிலை சொன்னவர்."

"பிறகேன் கூட்டத்திலை சொல்லேல்லை?"

"நானும் அதைத்தான் கேட்டனான். 'ஆக்களுக்கு முன்னாலை நான் சொன்னா அவன் செத்துப்போவான். தானா எழுதுவான், கொஞ்ச நாள் வேணும் அவனுக்கு' எண்டவர். அதுவரைக்கும் நீங்கள் திரும்பக் கட்ட மறக்காமல் இருக்கப் பக்கத்திலை நிக்கிறன் எண்டுதான் நிண்டவராம். முடிச்சைப் பாக்க இல்லை அங்கிள். உங்களைப் பாக்க."

இன்னொன்றும் சொன்னாள். கயிற்று வளையத்துக்குள் கால் வைத்து நின்றது தன் பிழை, அதைக் கொப்பியில் எழுதச் சொல்லு என்று உன்னிடமிருந்து அவளுக்குக் கட்டளையாம். யாரிடம் சொல்லி எழுதுவிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்ததும் அதை நான் எழுதிவிட்டேன், உன் பெயர் போட்டு. அதற்குக் கீழே என்னுடையதையும் எழுதியிருக்கிறேன்.

ஒரு வருடமாக நான் உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று வெட்கப்பட்டுத் திரிந்தேன். அந்த வெட்கத்தைத் தாங்க முடிந்தது. பொய்யன் என்று என்னைத் திட்டிக்கொண்டு நித்திரை கொள்ளக்கூட முடிந்தது. இப்போது தெரிகிறது, நீ ஏமாறவேயில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு, என் மானம் போகக்கூடாது என்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றிருக்கிறாய். நான் வாய் திறப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். "சரியோ?" என்று நான் கேட்ட அந்தக் கடைசி நிமிடத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ சிரித்துவிட்டு, அந்த இடத்தை விட்டுக் கரைக்கு ஏறிப் போயிருப்பாய்.

வெள்ளோட்டத்திலிருந்து போட்டிவரை நமக்கு எட்டு நாள் இருந்தது, மச்சான்.